சிவப்பு நட்சத்திரக் கட்டங்கள்

இந்த வருசம் தொடக்கம் கடதாசி இல்லை.
உதவிப்பணம் வேணுமெண்டால்
திரையில்தான் கேட்கவேணும்.

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் என்ர கடை.
ஆறு கதிரை, ஒரு ஸ்கானர்,
ஷட்டர் தூக்க முன்னமே
கம்பஸ் கிடைத்த பிள்ளைகளின் வரிசை.
ஒரு விண்ணப்பத்துக்கு நூறு ரூபா.
அழுதால் அரைவிலை என்று பகிடிக்குச் சொல்வேன்.
ஒருத்தரும் அரைவிலை கேட்டதில்லை.

கடைசி நாள் பின்னேரம் டினோஜா வந்தாள்.
பேராதனையில் மிருக வைத்தியம்.
பதிவு தாயின் இலக்கத்தில்,
தாய் ஏழாலையில் கூலிக்கு வெங்காயம் கிண்டிக்கொண்டு.

"அம்மா, மெசேச் வந்திருக்கும், வாசியுங்கோ."
எதிர்முனையில் காற்று,
தண்ணிப் பம்பின் இரைச்சல்,
மண் கையைச் சட்டையில் துடைக்கிற நேரம்.
"நாலு... ஏழு... பொறு பிள்ளை,
வெயிலுக்குத் தெரியேல்லை..."
அறுபது விநாடி முடிந்தது.
மூன்றாம் தரம் பிடிபட்டது.

பெயர். பிறந்த திகதி. வெட்டுப்புள்ளி.
பிறகு அது:
குடும்பத்துக்குக் காணி உண்டா?
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.

"ஓம் எண்டு போடவோ அண்ணை, இல்லையெண்டு போடவோ?"
"உண்டோ?"
"உண்டு. வயாவிளானில பன்னிரண்டு பரப்பு.
ஆமி வேலிக்கு உள்ள.
உறுதி வீட்டில கிடக்கு.
காணியை நான் கண்டதில்லை."

'இல்லை'யை அழுத்தினால்
அடியில் சத்தியக் கூற்று காத்திருக்கிறது:
பொய்யெனில் பணம் மீளப்பெறப்படும்.
'ஓம்' அழுத்தினோம்.
மூன்று புதுக் கட்டம் வாய் திறந்தது.
பரப்பளவு. பயிர். வருட வருமானம்.
மூன்றுக்கும் நட்சத்திரம்.

வருமானம் பூச்சியம் என்று அடித்தாள்.
'சரியான பெறுமதியை உள்ளிடவும்.'
திரும்ப அடித்தாள்.
'சரியான பெறுமதியை உள்ளிடவும்.'

எட்டு வருசத்துக்கு முன் நானும் நிரப்பினேன்,
கடதாசியில்.
விதானையார் கந்தோரில் மூன்று நாள் நிற்க விட்டார்.
கனடாச் சித்தப்பா மாதம் எவ்வளவு அனுப்புகிறார் என்று
ஆட்களுக்கு முன்னால் சத்தமாய்க் கேட்டார்.
அந்த முறை நல்லதென்று சொல்ல நான் வரவில்லை.
ஆனால் கடதாசிக்கு ஓரம் இருந்தது.
அதில் நீலப் பேனையால், சரிவாக,
"காணி உண்டு. போக வழியில்லை"
என்று எழுதி முத்திரை குத்தினார்.
அந்த நாலு சொல்லில்
நான் நாலு வருசம் சோறு தின்றேன்.

திரைக்கு ஓரமில்லை.
விரலால் தடவிப் பார்த்தேன்,
கண்ணாடி முடிகிற இடத்தில் பிளாஸ்டிக், பிறகு மேசை.

"ஒண்டு எண்டு போடு" என்றேன்.
1.
ஏற்றுக்கொண்டது.
பன்னிரண்டு பரப்பு, வருடத்துக்கு ஒரு ரூபா.
"பொய்தானே அண்ணை?"
"ஒரு ரூபா அளவு."

பயிர் மிச்சம்.
பட்டியல் நீளமாய் விழுந்தது,
நெல்லில் தொடங்கி மரவள்ளி வரை.
"எதையாவது போடு" என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவள் தாய்க்கு எடுத்துவிட்டாள்.
"அம்மா, வயாவிளானில என்ன பயிர்?"

பம்ப் நின்றுவிட்டது போல,
சத்தமே இல்லை.
தாய் சிரிப்பாள் அல்லது ஏசுவாள் என்று நினைத்தேன்.
சந்தை விலை கேட்ட குரலில் பதில் வந்தது:
"மேற்கால புகையிலை.
கிணத்தடியில கொஞ்சம் மிளகாய்.
ஏன், ஆரும் கேக்கினமோ?"

கேட்கினம் என்றாள் டினோஜா.
புகையிலை பட்டியலில் இருந்தது.
மிளகாய்க்கு இடமில்லை,
ஒன்றைத்தான் தெரியலாம்.

அனுப்பினோம்.
பதினொரு இலக்கத்தில் ஒரு எண் வந்தது.
அச்சடித்துக் கொடுத்தேன்.
நூறு ரூபா தந்தாள், வாங்கினேன்.

அடுத்த கதிரைப் பெடியன்
இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேணும்.
"அண்ணை,
பிரான்சில இருந்து மாமா போடுற காசு
வருமானமோ, கடனோ?"

எட்டிப் பார்த்தேன்.
நட்சத்திரம் இருந்தது.